பஞ்சடைத்த சதுரம்: யூரோஸ்டைல் எழுத்துருவும் 'எதிர்காலத் தோற்றமும்'

விண்வெளிப் படத்தின் சுவரொட்டி, விளையாட்டுக் கணினியின் அட்டைப்பெட்டி, மின்சார ஸ்கூட்டரின் விளம்பரம், பொறியியல் கல்லூரித் தொழில்நுட்ப விழாவின் அழைப்பிதழ் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், அவற்றின் ஆங்கிலத் தலைப்புகள் ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் போல இருப்பதைக் காணலாம். எழுத்துகள் அகன்றிருக்கும், கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிப்பில் ஓடும், வட்டமாக இருக்க வேண்டிய ஓ எழுத்து மூலை மழுங்கிய சதுரமாகக் காட்சி தரும். 'ஃபியூச்சரிஸ்டிக்கா ஒரு ஃபான்ட் போடுங்க' என்று வடிவமைப்பாளரிடம் கேட்கிறவர் பெரும்பாலும் இந்த வகையைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். 'ஜியோமெட்ரிக்', 'இண்டஸ்ட்ரியல்', 'டெக்னோ' என்ற சொற்களும் இதற்கே மாற்றி மாற்றி வழங்குகின்றன.

இந்தப் பேச்சில் இரண்டு தவறான எண்ணங்கள் கலந்திருக்கின்றன. வடிவியல் எழுத்துரு என்றால் அளவுகோலும் கவராயமும் வைத்து அப்படியே வரைந்தது என்பது ஒன்று. சில வடிவங்களுக்கு இயல்பாகவே எதிர்காலத் தன்மை உண்டு என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையன்று. இத்தாலியின் டூரின் நகரில் 1962-இல் வெளியான யூரோஸ்டைல் என்னும் எழுத்துருவை எடுத்துக்கொண்டு பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும். இன்று 'எதிர்கால' எழுத்துகள் என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பகுதி அதன் வழியில் வந்தவையே.

ஒரு குறிப்பு: இக்கட்டுரையில் எழுத்துகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும்போது, தமிழ் என்று தனியே சொல்லாத வரையில், ஆங்கிலத்துக்குப் பயன்படும் ரோமன் எழுத்துகளையே குறிக்கிறேன்.

எழுத்துரு, ஃபான்ட், தலைப்பு எழுத்துரு

எழுத்துரு என்பது ஒரே வடிவக் கொள்கையின்படி வரைந்த எழுத்துகள், எண்கள், குறிகள் ஆகியவற்றின் தொகுதி. ஃபான்ட் என்பது அந்தத் தொகுதியை நம் கையில் தரும் பொருள். ஈய அச்சுக் காலத்தில் அது ஒரு குறிப்பிட்ட அளவில் வார்த்த எழுத்துகள் நிறைந்த பெட்டி, இன்று கணினியில் நிறுவும் கோப்பு. நடைமுறையில் இரண்டையும் ஃபான்ட் என்றே சொல்கிறோம். அதனால் பெரிய கேடில்லை.

தலைப்பு எழுத்துரு என்பதுதான் இங்கு முக்கியம். புத்தகத்தின் உடற்பகுதியில் 9 முதல் 12 பாயின்ட் அளவில் பக்கம் பக்கமாக ஓடும் எழுத்துகள் தங்களைக் காட்டிக்கொள்ளாமல் பொருளைத் தர வேண்டியவை. பாயின்ட் என்பது ஓர் அங்குலத்தின் 72-இல் ஒரு பங்கு. தலைப்பு எழுத்துருவோ பெரிய அளவில், சில சொற்களில் மட்டும் வருவது. கண்ணில் பட்டு ஒரு மனநிலையை உண்டாக்குவது அதன் வேலை. ஆகவே உடற்பகுதி எழுத்தில் பிழையாகிவிடும் துணிச்சல்கள் பலவற்றுக்கு அங்கே இடமுண்டு.

வட்டத்திலிருந்து தொடங்கிய வடிவியல்

1920-களின் ஜெர்மனியில், கையெழுத்தின் தடம் சிறிதுமில்லாமல், வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய அடிப்படை வடிவங்களிலிருந்தே எழுத்துகளைக் கட்ட முடியுமா என்ற கேள்வி வடிவமைப்பாளர்களைப் பற்றிக்கொண்டது. பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பாயர் 1925 வாக்கில் வட்டங்களையும் நேர்கோடுகளையும் கொண்டே ஓர் அகரவரிசையை வரைந்து பார்த்தார். பால் ரென்னர் வரைந்த ஃபியூச்சுரா 1927-இல் சந்தைக்கு வந்து வெற்றி பெற்றது. அதன் ஓ, கவராயம் போட்டு வரைந்தது போலிருக்கும். ஏ, எம் ஆகியவற்றின் உச்சி கூராக இருக்கும்.

அந்தக் காலத்தில் எதிர்காலத்தின் எழுத்து அதுதான். 1969-இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 விட்டுவந்த உலோகப் பலகையின் வாசகங்களும் ஃபியூச்சுரா வடிவத்தில்தான் அமைந்திருக்கின்றன. ஆனால் இன்று ஃபியூச்சுராவைப் பார்க்கும் எவரும் விண்கலத்தை நினைப்பதில்லை. நேர்த்தியான, சற்றே பழைய ஐரோப்பிய விளம்பரம்தான் நினைவுக்கு வரும். வடிவியல் மாறவில்லை, பார்ப்பவரின் பழக்கம் மாறியிருக்கிறது. எதிர்காலத் தன்மை வடிவத்திலேயே உறைவதில்லை என்பதற்கு இது முதல் சான்று.

சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை

யூரோஸ்டைலின் ஓ எழுத்து எத்தகைய வடிவம்? 'மூலையை உருட்டிய செவ்வகம்' என்பதே பலரும் சொல்லும் விடை. அது பாதி விடைதான்.

ஒரு சதுரத் தலையணை உறையை எண்ணிப்பாருங்கள். வெறும் உறையாகத் தட்டையாகக் கிடக்கும்போது அதன் பக்கங்கள் நேராகவும் மூலைகள் கூராகவும் இருக்கும். இலவம்பஞ்சை உள்ளே அடைக்க அடைக்க மூலைகள் மழுங்குவதோடு, பக்கங்களும் வெளியே மெல்லப் பிதுங்குவதாகக் கொள்வோம். அப்போது அதன் விளிம்பில் எந்த இடத்திலும் முழு நேர்கோடு என்று ஒன்று இருக்காது. ஓரிடத்தில் வளைவு குறைவு, ஓரிடத்தில் மிகுதி, அவ்வளவே. யூரோஸ்டைலின் ஓ இந்தப் பஞ்சடைத்த சதுரத்தின் இனம்.

கணிதத்தில் இதற்குச் சூப்பர் எலிப்ஸ் என்று பெயர். வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பிலுள்ள எந்தப் புள்ளிக்கும் கிடைத் தொலைவையும் செங்குத்துத் தொலைவையும் அளந்து, ஒவ்வொன்றையும் இருமடியாக்கிக் கூட்டினால் விடை மாறாது என்பது பள்ளியில் படித்ததுதான். அந்த இருமடிக்குப் பதிலாக 2.5, 3, 4 என்று அடுக்கை உயர்த்திக்கொண்டே போனால் வட்டம் படிப்படியாகச் சதுரத்தை நோக்கி உப்பும். மையத்திலிருந்து மூலைவிட்டம் வழியாகச் சதுரத்தின் மூலையை நோக்கிச் செல்வதாக வைத்துக்கொண்டால், வட்டம் அந்தத் தூரத்தில் 71 விழுக்காட்டிலேயே நின்றுவிடும், அடுக்கு 2.5 ஆனால் 76 விழுக்காடு, 4 ஆனால் 84 விழுக்காடு வரை எட்டும். கேப்ரியல் லாமே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தக் குடும்பத்தை விவரித்தார். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன், ஸ்டாக்ஹோம் நகரின் செர்கல் சதுக்கத்துக்கு அடுக்கு 2.5 கொண்ட வடிவத்தை 1959-இல் பரிந்துரைத்தபோதுதான் அது பொதுமக்களிடம் பேர்பெற்றது.

நேர்கோட்டுப் பக்கங்களோடு கால்வட்ட மூலைகளை ஒட்டினால் வரும் சாதாரண உருட்டிய செவ்வகத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? செவ்வகத்தில் நேர்கோடு முடிந்து வில் தொடங்கும் புள்ளியில் வளைவு திடீரென்று தாவுகிறது. பக்கத்தில் அறவே இல்லாத வளைவு, மூலை வந்ததும் ஒரேயடியாக முழு அளவுக்கு ஏறிவிடுகிறது. கண் அந்தத் தாவலை ஒரு முட்டாக உணர்கிறது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். சூப்பர் எலிப்ஸில் வளைவு படிப்படியாக ஏறி இறங்குகிறது. 2013-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் செயலிப் படங்களின் மூலைகளை மாற்றியபோது செய்ததும் இந்தத் தாவலை நீக்கியதுதான்.

சுருங்கச் சொன்னால், இந்த வகை எழுத்தின் கருவடிவம் வட்டமும் சதுரமும் சேர்ந்த ஒட்டுவேலையன்று. இரண்டுக்கும் நடுவே தொடர்ச்சியாக வளையும் தனி வடிவம். மலிவான போலிகளையும் நல்ல எழுத்துருவையும் பிரித்தறிய இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் போதும்.

டூரினில் நடந்தது

நெபியோலோ என்பது டூரினில் இயங்கிய எழுத்து வார்ப்பகம், அதாவது அச்சகங்களுக்கு ஈய எழுத்துகளை வார்த்துத் தரும் தொழிற்சாலை. ஃபியட் கார்களின் ஊரும் அதுவே. அங்கே அலெஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேஸேயும் சேர்ந்து வரைந்த மைக்ரோகிரமா 1952-இல் வெளிவந்தது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. நிறுவனப் பெயர், முகப்பு வரி, கருவிகளின் பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தாண்டு கழித்து நோவரேஸே அதே கொள்கையில் சிறிய எழுத்துகளையும் வரைந்து, தடிப்பு வேறுபாடுகளையும் குறுகிய, அகன்ற வகைகளையும் சேர்த்து விரிவாக்கியதே யூரோஸ்டைல்.

இதன் வடிவம் தொலைக்காட்சித் திரையிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தாலியில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1954 ஜனவரியில், மைக்ரோகிரமா வந்து இரண்டாண்டு கழித்து. திரையைப் பார்த்து எழுத்தை வரைந்தார்கள் என்பதைவிட, திரைக்கும் எழுத்துக்கும் அந்தக் காலத்துப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வடிவம் இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம் என்று நினைக்கிறேன். தொடர்வண்டியின் சாளரம், காரின் பின்கண்ணாடி, குளிர்பதனப் பெட்டியின் கதவு ஆகிய எல்லாமே அப்போது அந்தப் பஞ்சடைத்த சதுரமாகத்தான் இருந்தன.

இந்தக் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. ஈய எழுத்திலிருந்து ஒளிப்பட முறை அச்சுக்கோப்புக்கும் பிறகு கணினிக்கும் யூரோஸ்டைலை மாற்றியபோது, பக்கங்களின் அந்த நுண்ணிய பிதுக்கம் பல பதிப்புகளில் காணாமல்போய், அவை வெறும் நேர்கோடுகளாகிவிட்டன. லினோடைப் நிறுவனத்துக்காக அகிரா கொபயாஷி பின்னாளில் யூரோஸ்டைல் நெக்ஸ்ட் என்ற பதிப்பை வரைந்தபோது, பழைய ஈய எழுத்துகளின் அச்சுகளைப் பார்த்து அந்த வளைவை மீட்டார். கணினியில் வரைவதால் வடிவம் தானாகவே துல்லியமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல மறுப்பு.

கண்ணுக்காகத் திருத்திய கணக்கு

முதல் தவறான எண்ணத்துக்கு இப்போது வரலாம். வடிவியல் எழுத்துருவை அளவுகோலின்படி அப்படியே வரைந்தால் அது கோணலாகத் தெரியும். கண் அளப்பதும் அளவுகோல் அளப்பதும் ஒன்றல்ல.

சம தடிப்புள்ள கிடைக்கோட்டையும் செங்குத்துக்கோட்டையும் பக்கத்தில் வைத்தால் கிடைக்கோடே தடிப்பாகத் தோன்றும். அதனால் எச் எழுத்தின் நடுக்கோட்டை அதன் இரு தூண்களைவிடச் சற்று மெலிதாக வரைந்தால்தான் மூன்றும் சமமாகத் தெரிகின்றன. அந்த நடுக்கோட்டைச் சரியாக நடுவில் வைத்தாலோ அது கீழே சரிந்தது போலிருக்கும். ஆகையால் சிறிது உயர்த்தி வைப்பார்கள். நம்ப முடியவில்லை என்றால், அச்சிலுள்ள எஸ் எழுத்தையோ 8 என்ற எண்ணையோ தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நேராக இருந்தபோது சமமாகத் தெரிந்த இரு பாதிகளில் ஒன்று பெருத்துத் தலைகனத்துக் காணப்படும். வடிவமைப்பாளர் மேற்பாதியை வேண்டுமென்றே சிறிதாக்கியிருந்தார் என்பது அப்போதுதான் தெரியவரும்.

வட்ட எழுத்துகளுக்கு மற்றொரு திருத்தமும் உண்டு. எழுத்துகள் அனைத்தும் ஒரு கற்பனைக் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதை அடித்தளக் கோடு என்பார்கள். எச்சின் கால்கள் அதன்மேல் முழுமையாகப் பதியும். ஓவோ ஒரே புள்ளியில்தான் தொடும். அளவு சமமாக இருந்தும் ஓ சிறுத்துத் தெரியும். ஆகவே அதை மேலும் கீழும் ஓரிரு விழுக்காடு கூடுதலாக நீட்டி வரைவார்கள். இதற்கு மிகுநீட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். யூரோஸ்டைலில் ஓவின் அடி ஏறத்தாழத் தட்டையாக, நீண்ட பரப்பில் அடித்தளக் கோட்டைத் தொடுவதால் மிகுநீட்சிக்கான தேவை குறைகிறது. எல்லா எழுத்துகளும் இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே அச்சடித்தாற்போல நிற்பது இதனால்தான். அந்த ஒழுங்கே 'இயந்திரம் செய்தது' என்ற உணர்வைத் தருகிறது.

எழுத்திடைவெளியிலும் இதே காரணம் வேலை செய்கிறது. ஃபியூச்சுராவில் இரண்டு ஓக்கள் அடுத்தடுத்து வந்தால், அவற்றின் வளைவுகளுக்கு மேலும் கீழும் வெற்றிடம் தேங்கும். எனவே அவற்றை நெருக்கி வைக்கலாம். சதுரத்தை ஒட்டிய ஓக்களுக்கு அத்தகைய மூலை வெற்றிடம் சிறிதே உண்டு, நெருக்கினால் முட்டிக்கொள்ளும். இந்த வகைத் தலைப்புகளில் எழுத்துகளைத் தாராளமாக விலக்கி வைப்பது வெறும் அலங்காரம் அல்ல, வடிவம் கேட்கும் தேவை.

ஆக, வடிவியல் எழுத்துரு என்பது வடிவியல் போலத் தோன்றும்படி கண்ணுக்கேற்பத் திருத்திய எழுத்துரு.

தொழிற்சாலைத் தோற்றம் கருவிகளிலிருந்து வந்தது

'இண்டஸ்ட்ரியல்' என்று நாம் உணர்வதற்குப் பின்னால் உண்மையான தொழிற்சாலைக் காரணங்கள் இருக்கின்றன. உலோகப் பலகையில் எழுத்தைச் செதுக்கும் பொறியில் சுழலும் வெட்டுமுனை ஒன்றே இருக்கும். அது போகும் பாதையெங்கும் கோட்டின் அகலம் மாறாது, முடியும் இடம் அரைவட்டமாக இருக்கும். ஓவியரின் தூரிகை தரும் தடிப்பும் மெலிவும் அங்கே எழ வழியில்லை. தகட்டில் எழுத்தை வெட்டி அதன்மேல் வண்ணம் தெளிக்கும் ஸ்டென்சில் முறையில், ஓவின் உள்பகுதி கழன்று விழாதிருக்க இணைப்புப் பாலங்கள் விட வேண்டும். சரக்குப் பெட்டிகளில் காணும் பிளவுபட்ட எழுத்துகளுக்கு அதுவே காரணம். ஜெர்மனியின் தரநிர்ணய அமைப்பு 1936-இல் வெளியிட்ட டின் 1451 என்ற எழுத்து, தேர்ந்த கைவினைஞர் இல்லாத இடத்திலும் எவரும் கட்டம் போட்டு வரைந்துவிட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு எளிமையாக அமைந்தது.

மழுங்கிய மூலைக்கும் காரணம் உண்டு. தகட்டை அச்சில் அழுத்தி வடிவமைக்கும்போது கூர்மூலையில் உலோகம் கிழியும். பழைய தொலைக்காட்சியின் படக்குழாய்க்குள் காற்றே இல்லை. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்தும். அதைத் தாங்கத்தான் கண்ணாடி உப்பியும் உருண்டும் இருந்தது. 1954-இல் காமெட் வகை ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியபோது, உடற்தகட்டில் இருந்த திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து உலோகம் களைத்துப்போனதே காரணம் என்று விசாரணை கண்டது. பிந்தைய விமானங்களில் சாளர மூலைகள் இன்னும் உருண்டன. இப்படி, உருண்ட செவ்வகம் பொறியியல் தேவையாகப் பிறந்து, அக்காலத்தின் புதிய பொருள்கள் அனைத்தின் மேலும் ஏறி உட்கார்ந்தது. மைக்ரோகிரமாவும் யூரோஸ்டைலும் அதை எழுத்தின் மேல் ஏற்றின.

எதிர்காலம் எங்கிருந்து வந்தது

உங்களிடம் வங்கிக் காசோலை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடியிலுள்ள வெள்ளைப் பட்டையில் ஆங்காங்கே வீங்கிய, விந்தையான எண்கள் அச்சாகியிருக்கும். அவற்றுள் ஒன்பது இலக்கங்கள் ஊர், வங்கி, கிளை ஆகியவற்றைக் குறிக்கும். சென்னைக் கிளை என்றால் 600 என்று தொடங்கும். அந்த வடிவத்தின் பெயர் இ-13பி. 1950-களில் அமெரிக்க வங்கிகளுக்காக உருவானது. காந்தத் தன்மையுள்ள மையில் அச்சாகும் இந்த எண்களைப் பொறி பார்ப்பதில்லை; காந்த முனைக்கு முன்னே எண் நகரும்போது மையின் அளவு கூடிக் குறைவதற்கேற்ப எழும் மின்னலையைத்தான் படிக்கிறது. ஒவ்வோர் எண்ணின் அலையும் மற்றதிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும் என்பதற்காகவே அந்த வீக்கங்கள்.

இதில் எண்களும் சில குறிகளும் மட்டுமே உண்டு, எழுத்துகளே கிடையாது. ஆனால் கணினி என்றால் இப்படித்தான் எழுதும் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட, 1960-களிலும் 1970-களிலும் வடிவமைப்பாளர்கள் அதே வீக்கங்களோடு முழு அகரவரிசைகளை வரைந்தார்கள். லியோ மேக்ஸின் வெஸ்ட்மின்ஸ்டர், பாப் நியூமன் 1970-இல் வரைந்த டேட்டா 70 ஆகியவை அவ்வகை. அவற்றின் வீக்கங்களை எந்தப் பொறியும் படிக்கப் போவதில்லை. தேவையில் பிறந்த வடிவம் தேவை கழிந்தபின் வெறும் தோற்றமாக நிலைத்தது.

இதற்கு எதிர்ச்சான்று உங்கள் கடவுச்சீட்டில் இருக்கிறது. படம் உள்ள பக்கத்தின் அடியில் ஓடும் இரண்டு வரிகள், ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் 1968-இல் வரைந்த ஓசிஆர்-பி என்ற எழுத்தில் உள்ளவை. அவையும் பொறி படிப்பதற்கென்றே வரைந்தவைதாம். எனினும் ஒரு சாதாரண தட்டச்சு எழுத்தைப் போல அமைதியாக இருக்கின்றன, யாரும் அதை விண்வெளி எழுத்து என்று சொல்வதில்லை. பொறிக்கு உகந்தது என்பதும் பொறி போலத் தோன்றுவது என்பதும் வெவ்வேறு.

யூரோஸ்டைல் வகைக்கு விண்வெளி முத்திரை குத்தியதில் திரைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்டான்லி குப்ரிக் 1968-இல் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில், விண்கலத்தின் திரைகளில் வரும் வாசகங்களுக்கு இந்த வகையின் அகன்ற, தடித்த வடிவம் பயன்பட்டது. அப்போது அது எதிர்காலத்தின் எழுத்தாக அல்ல, அன்றைய கருவிப் பலகைகளில் பழகிய எழுத்தாகவே இருந்திருக்கும். அதனால்தான் காட்சி நம்பும்படி அமைந்தது என்பது என் எண்ணம். பின்வந்த படங்கள் கருவிப் பலகையைப் பார்க்கவில்லை, முந்தைய படத்தைப் பார்த்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்ததில், 1950-களின் இத்தாலியத் தொழில் வடிவம் கி.பி. 2200-இன் வடிவமாக நம் கண்ணில் நிலைத்துவிட்டது.

டச்சு வடிவமைப்பாளர் விம் க்ரௌவெல் 1967-இல் உண்மையிலேயே வரவிருக்கும் பொறிகளுக்காக வரைந்த 'புதிய அகரவரிசை'யை இங்கே ஒப்பிடலாம். அன்றைய திரைவழி அச்சுக்கோப்புப் பொறிகளால் வளைவுகளைச் சரியாகக் காட்ட முடியவில்லை. எனவே அவர் வளைவையே விலக்கி, நேர்கோடுகளாலும் வெட்டிய மூலைகளாலும் எழுத்தைக் கட்டினார். எம் (m) வேண்டுமென்றால் என் (n) எழுத்துக்கு அடியில் ஒரு கோடு. தர்க்கம் சரியாகவே இருந்தது, ஆனால் படிக்கத்தான் முடியவில்லை. எதிர்காலப் பொறிகளோ அவர் எண்ணியதற்கு மாறாக, வளைவுகளை அழகாகக் காட்டக் கற்றுக்கொண்டன.

பயன்படுத்தும்போது

இந்த வகை எழுத்துருவின் பலவீனம் அதன் அழகிலேயே இருக்கிறது. எல்லா எழுத்துக்கும் ஒரே உருண்ட செவ்வகச் சட்டம் என்பதால் ஓ, டி, க்யூ, பூஜ்யம் ஆகியவை ஒன்றையொன்று ஒத்துவிடும்; 8-உம் பி-யும், 5-உம் எஸ்-உம் அப்படியே. சி, ஜி, எஸ் ஆகியவற்றின் முனைகள் உள்நோக்கித் திரும்புவதால் திறப்புகள் சுருங்கி, சிறிய அளவில் அடைபட்டுப் போகும். 60 பாயின்ட் தலைப்பில் கம்பீரமாக நிற்பது 8 பாயின்ட்டில் சதுரங்களின் வரிசையாகிவிடும். வரிசை எண், கடவுச்சொல், மருந்தின் அளவு போன்று ஒரு குறி மாறினாலும் சிக்கலாகும் இடங்களில் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஃபிளெக்ஸ் பலகைகளில் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அகன்ற எழுத்து வேண்டும் என்று சாதாரண எழுத்தையே மென்பொருளில் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். 150 விழுக்காடு இழுத்தால் செங்குத்துக் கோடுகள் ஒன்றரை மடங்கு தடிக்கும், கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும், மூலை வளைவுகள் சப்பையாகும். நோவரேஸே அகன்ற வகையைத் தனியே வரைந்தது இதனால்தான். கோட்டின் தடிப்பை மாற்றாமல் சட்டத்தை மட்டும் அகலமாக்குவது இழுப்பதால் கிடைக்காது.

தமிழ் எழுத்தில் இதைச் செய்யலாமா?

செய்யலாம், செய்துமிருக்கிறார்கள், ஆனால் விதிகளை அப்படியே தூக்கி வைக்க முடியாது. தமிழில் ட, ப, ம, ய, ல ஆகியவை இந்தச் சட்டத்துக்குள் எளிதாக அமர்கின்றன. ட பிறப்பிலேயே ஒரு மூலைதான். சிக்கல் மூன்று சுழி ண-வில் தொடங்குகிறது. சுழி ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் கோடும் நடுவில் வெற்றிடமும் வேண்டும். தடிப்பைக் கூட்டினால் சுழிகள் அடைபடும், அடைபடாமல் காக்க எழுத்தை அகலமாக்கினால் ஏற்கெனவே நீளமான தமிழ்ச் சொல் பலகையை விட்டு வெளியேறும். ஆங்கிலத்தில் அகன்ற வகையைத் தேர்ந்தவர் அதன் தமிழ் இணைக்குச் சற்றுக் குறுகிய வகையைத் தேர்வது கஞ்சத்தனம் அல்ல, இந்தக் கணக்கின் விளைவு.

மற்றொன்று, ரோமன் பெரிய எழுத்துகள் இரண்டு இணைகோடுகளுக்குள் அடங்குவதுபோல் தமிழ் அடங்குவதில்லை. புள்ளியும் மேல்விலங்கும் மேலே ஏறும். கு, கூ, து, தூ என்று உகர ஊகாரங்கள் கீழே இறங்கும். ழ, ஞ போன்றவற்றுக்கும் கீழே வால் உண்டு. இந்த ஏற்ற இறக்கங்களை வலிந்து நறுக்கினால் 'தொழிற்சாலை' ஒழுங்கு கிடைக்கும், ஆனால் படிப்பவர் தடுமாறுவார். குறிப்பாக, துணைக்காலையும் ர-வையும் பிரித்துக் காட்டுவது ர-வின் அடியிலுள்ள சிறிய சாய்கோடு ஒன்றுதான். சதுர ஒழுங்குக்கு இடையூறு என்று அதை வெட்டிவிட்டால் 'கரம்' எது, 'காம்' எது என்று தெரியாமல் போகும். கவனமுள்ள வடிவமைப்பாளர் மற்ற எல்லாக் கோடுகளையும் நிமிர்த்திவிட்டு, அந்த ஒரு சாய்வை மட்டும் தொடாமல் விட்டுவைக்கிறார்.